யாருடைய அரைமணி நேரம்?

மதுரை விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 124 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஏடிஆர் ரக விமானம் இதைக் கால்மணி நேரத்தில் தாண்டிவிடும் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். ஓடுதளத்தில் ஊர்ந்து, மேலேறி, திரும்பி, இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் அரைமணிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அப்படி ஒரு விமானம் ஓடுவதில்லை. பறந்துதான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் மதுரையில் ஏறிச் சென்னையில் இறங்கி, அங்கே காத்திருந்து, இன்னொரு விமானம் பிடித்து வாகைகுளம் வர வேண்டும். வடக்கே 418 கிலோமீட்டர், பிறகு தெற்கே 528 கிலோமீட்டர். 124-ஐக் கடக்க 946.

அதே ஆள் மதுரை பெருங்குடியில் காரில் ஏறினால் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நான்குவழிச் சாலையில் இரண்டரை மணி நேரத்தில் வாகைகுளத்தில் நிற்பார். நாளைக்கே நேர் விமானம் விட்டாலும், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெட்டியைப் போட்டு, பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, இறங்கிய பிறகு பெட்டிக்காக நின்று, ஊருக்குள் போக வண்டி பிடிப்பதற்குள் கார்க்காரர் டீ குடித்து முடித்திருப்பார். ஆகவே மதுரை–தூத்துக்குடி விமானம் இல்லாதது ஒரு குறையே இல்லை. எந்த விமான நிறுவனமும் அதைக் கேட்கவில்லை, கேட்காததும் புத்திசாலித்தனம்தான்.

பிறகு ஏன் இந்தத் தூரத்தைப் பற்றித் தலையங்கம்? அந்த 124 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் மண்ணுக்காக. நேர்கோட்டில் ஏறக்குறைய பாதி விருதுநகர் மாவட்டத்தின் மேல் விழுகிறது. அருப்புக்கோட்டை கோட்டின் மேலேயே இருக்கிறது. அங்கிருந்து மேற்கே தள்ளி சாத்தூர். கோட்டிலிருந்து 30 கிலோமீட்டரில் சிவகாசி. அதற்கும் தென்மேற்கே வெம்பக்கோட்டை. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் செய்யப்படுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். ஊர்ப் பேச்சில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ‘ஃபயர் ஆபீஸ்’தான். விடிந்தும் விடியாமல் கிராமத்துச் சாவடி முன்னால் ஆபீஸ் வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். அந்த வேனில் போகிறவர்களின் நேரத்தையும், வடக்கிலும் தெற்கிலும் விமானம் ஏறுகிறவர்களின் நேரத்தையும் அரசு ஒரே கடிகாரத்தில் பார்க்கவில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

விமான நிலையங்களுக்கு அரசு எப்படிச் செலவிடுகிறது என்று முதலில் பார்ப்போம். வாகைகுளம் 1992-ல் தொடங்கிய நிலையம். பல வருடம் விமானமே வராமல் கிடந்து, 2006-ல் ஏர் டெக்கான் வந்த பிறகு உயிர்பெற்றது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்கிறார்கள். மதுரை 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதன் ஓடுதளத்தை நீட்ட நிலம் எடுக்கிறார்கள். வீட்டை விட்டுப் போக மாட்டோம் என்று சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2024-ல் ஓசூருக்கு ஒரு விமான நிலையம் அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு ஒன்று. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது, அதில் விமானி பயிற்சிப் பள்ளி தொடங்க மாநில அரசின் டிட்கோ நிறுவனம் முயல்கிறது.

துறைமுக நகரத்துக்குப் பெரிய முனையம் வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியமில்லை. மதுரைக்கு இரவு விமானம் வந்ததில் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு பக்கமும் இவ்வளவு செய்து முடித்த பிறகும், ‘மாவட்டத்துக்கு ஒரு விமான நிலையம்’ என்ற ஆசை அடங்குவதாக இல்லை. மேடைக்கு மேடை அந்தப் பேச்சுக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. அந்தக் கைத்தட்டலுக்கு யார் காசு போகிறது என்று தணிக்கைத் துறை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.

சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க மத்திய அரசு 2016-ல் ‘உடான்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விலையில் நிறுவனத்துக்கு வரும் நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். அதில் மத்திய அரசின் பங்கு 80, மாநிலத்தின் பங்கு 20. பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் இதற்காகவே ஒரு வரியும் வசூலிக்கிறார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பலன்? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் அறிக்கை தந்தார். உடானின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவேயில்லை. தொடங்கிய 371-ல் மூன்று ஆண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக முடித்தவை 112. சலுகை நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. நூறு வாக்குறுதியில் ஏழுதான் சொந்தக் காலில் நின்றது. நம் மாநிலத்திலேயே சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023-ல் மறுபடி வந்தது. வேலூரில் ஓடுதளத்தைப் புதுப்பித்து வருடங்கள் ஓடிவிட்டன, பயணி விமானத்தைத்தான் காணோம். இத்தனைக்கும் பிறகு 2025 மத்திய பட்ஜெட்டில் இன்னும் 120 ஊர்களை இணைப்போம் என்று வாசித்தார்கள்.

குட்டைத் தூரத்துக்கு விமானமே கூடாது என்பது நம் வாதமில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டருக்கு ஒரு விமானம் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடலாம். நடுவில் கடல், பாலம் கிடையாது. ஆசிரியரும் மருத்துவரும் அதில்தான் போய் வருகிறார்கள், ஆகவே நியாயம். 2025 மார்ச்சில் தொடங்கிய திருச்சி–யாழ்ப்பாணம் விமானமும் அந்த வகைதான். 180 கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் நடுவில் பாக் நீரிணை, அதன்மேல் முப்பது வருடப் போரின் பிரிவு. அப்படி ஒரு விமானம் பறப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். அதே சமயம் பிரான்ஸ் 2023-ல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊருக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று பாரிஸ் ஒர்லியிலிருந்து நான்ட், லியோன், போர்தோ வழித்தடங்களை நிறுத்தியது. நமக்கும் மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, வாஞ்சி மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை இருக்கிறது. அருப்புக்கோட்டை வழியாக இன்னொரு புதிய பாதை, 143 கிலோமீட்டர், திட்டத்தில் இருக்கிறது. அதில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் முடிந்தது. மீதி கிடப்பில் கிடக்கிறது. வானத்தில் கோடு போட ஆசைப்படுகிறவர்கள் தரையில் போட்ட கோட்டையே முடிக்கவில்லை.

தொழிலதிபர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்வார்கள், அதையும் கேட்போம். சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. சிவகாசியில் பட்டாசு மட்டுமில்லை, காலண்டரும் டைரியும் லேபிளும் அச்சாகும் ஆஃப்செட் அச்சகங்கள் தெருவுக்குத் தெரு. வெளிநாட்டு வாடிக்கையாளர் வருகிறார், நேரம் அவருக்குப் பணம், பக்கத்திலேயே விமானம் இருந்தால் முதலீடு வரும் என்பார்கள். இருக்கட்டும். விருதுநகரிலிருந்து மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள். சிவகாசியிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். சென்னையிலும் பெங்களூருவிலும் விமான நிலையத்துக்குப் போகவே அவ்வளவு நேரம் ஆகிறது, அதனால் முதலீடு ஓடிப்போனதாக யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் விருதுநகரில் நின்று போகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் எட்டு மாதம் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பித்தான் சிவகாசியைக் குட்டி ஜப்பான் ஆக்கினார்கள். அன்று தென்தமிழ்நாட்டில் விமான நிலையம் என்ற பேச்சே இல்லை. இன்னொன்று: இந்த ஊரின் பட்டாசு எந்தப் பயணி விமானத்திலும் ஏற முடியாது. பயணி ரயிலில் ஏற்றினால் ரயில்வே சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை. பட்டாசு லாரியில்தான் போகும். ஆகவே விமானம் வந்தால் பறக்கப்போவது முதலாளியும் அவருடைய ஏஜென்ட்டும்தான். பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற கை பறக்காது.

அந்தக் கைக்கு நேரம் என்றால் என்ன என்று சொல்கிறோம்.

பட்டாசு அறையில் தீப்பிடிக்க வத்திக்குச்சி வேண்டாம். உராய்வு போதும். அளவு மிஞ்சிய கலவை, வெயிலில் காயும் மருந்து, தரையில் இழுபட்ட ஒரு இரும்புப் பாத்திரம். ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். தப்பித்து ஓடி வருகிறவர்களுக்குத்தான் நேரம் தொடங்குகிறது. உடம்பில் 40 சதவீதம் தீக்காயம் பட்ட, 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தோல் போன இடம் வழியாக உடம்பின் நீர் கசிந்து வெளியேறுகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் நிற்கப் பார்க்கிறது. இதைத் தடுக்க நரம்பில் எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கணக்குக்குப் பார்க்லண்ட் கணக்கு என்று பெயர். எடையைத் தீக்காயச் சதவீதத்தால் பெருக்கி, அதை 4 மில்லியால் பெருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 24 மணி நேரத்தில் 8 லிட்டர். அதில் பாதி, 4 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டிய நிமிடத்திலிருந்து ஓடுவதில்லை, தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது. வழியில் போன ஒவ்வொரு நிமிடமும் அந்த எட்டிலிருந்து கழியும்.

இப்போது வழியைப் பார்ப்போம். வெம்பக்கோட்டைப் பக்கத்து மண்பாதை ஒன்றிலிருந்து 108 வண்டி புறப்படுகிறது. முதலில் சிவகாசி அரசு மருத்துவமனை. அங்கே தீக்காயப் பிரிவு இருக்கிறது, முதலுதவி கிடைக்கும். பலத்த தீக்காயம் என்றால், ‘மதுரைக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க’ என்ற வாக்கியம் அடுத்ததாக வரும். இந்த வட்டாரத்தில் அந்த வாக்கியம் கேட்காத குடும்பம் குறைவு. மறுபடி வண்டி, 70 கிலோமீட்டருக்கு மேல், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை. மதுரை ஊருக்குள் நெரிசல் வேறு. இந்தப் பயணம் முழுக்க ஒரு உறவுக்காரர் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்திருப்பார். சிவகாசி ஊருக்குள்ளேயே சாட்சியாபுரம் ரயில்வே கேட் மூடினால் ஆம்புலன்ஸ் நின்ற காலம் உண்டு. அங்கே ஒரு மேம்பாலம் கட்டுங்கள் என்று ஊரார் எத்தனையோ வருடம் மனுக் கொடுத்தார்கள், வேலை தொடங்கியது 2024-ல்தான். மாநிலத்தின் பேர்பெற்ற தீக்காயப் பிரிவு சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. அது இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். நாட்டுக்கே நெருப்பைச் செய்து கொடுக்கிற ஊரிலிருந்து, நெருப்புக்குச் சிறந்த மருந்து அவ்வளவு தூரத்தில்.

விபத்துகளின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் மறக்கப் பழகிவிட்டோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 பேர் இறந்தார்கள். உரிமம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது. இறந்தவர்களில் காப்பாற்ற ஓடிப்போன அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலர். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம், 20-க்கும் மேற்பட்டவர்கள். 2023 அக்டோபர் 17, ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் 14 பேர். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி, 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இந்த ஊர்ப் பெயர்கள் மற்ற தமிழர்களுக்குத் தெரியவந்ததே வெடித்த பிறகுதான்.

ஒவ்வொரு முறையும் நிதி அறிவிக்கிறார்கள். சின்னக்காமன்பட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 4 லட்சம் அறிவித்தது. விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் சொன்னார். அது நல்ல அறிவிப்பு, மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் இந்த ஏற்பாடு எல்லாம் சாவுக்குப் பிறகு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை என்று ‘நம்மைக் காக்கும் 48’ கொண்டுவந்த அரசுக்கு நேரத்தின் மதிப்பு தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். பட்டாசுத் தொழிலாளியின் முதல் எட்டு மணி நேரத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தூரத்தையும் சொல்லாவிட்டால் நம் தீர்ப்பு அரசின்மேல் மட்டும் விழுந்ததாகிவிடும். ஃபயர் ஆபீஸ் வளாகத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று வெடிபொருள் விதி சொல்கிறது. ஒரு அறை வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்குத்தான் அந்த இடைவெளி. ஒரு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கலவை வேலை காலையிலேயே முடிய வேண்டும், மருந்து மிச்சம் வைக்கக்கூடாது. பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். நடப்பது என்ன? தீபாவளி நெருங்கினால் நான்கு பேர் அறையில் எட்டுப் பேர். உள்ளே இடமில்லாதவர்கள் இரண்டு அறைக்கு நடுவில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திரி சொருகுகிறார்கள். விதி எதற்காக இடம் விட்டதோ அந்த இடத்திலேயே ஆட்கள். உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகைக்கு வேறொருவரிடம். குத்தகைக்காரருக்குக் கூலிக்கு ஆள் கிடைத்தால் போதும், நாளைக்கு அந்த அறை இருக்குமா என்ற கவலை அவருக்கு இல்லை. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று மூன்று வகை உரிமம். எங்கே வெடித்தாலும் முதல் கேள்வி எந்த லைசென்ஸ் என்பதுதான். பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில். அதன் அலுவலகம் ஒன்று சிவகாசியிலேயே இருக்கிறது. வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, தீயணைப்பு, காவல் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வேப்பமரத்தடியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேர்மையாக நடத்துகிற ஆலைகள் இருக்கின்றன, அவர்கள் மேல் நமக்குக் குறை இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்த பிறகு அவர்கள் பட்ட பாடும் தெரியும். பசுமைப் பட்டாசு ரகங்களுக்கு மாறி, டெல்லியில் என்ன தீர்ப்பு வருமோ என்று ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் விதிப்படி நடக்கிறவர்கள், உள்குத்தகை விடுகிறவர்களைச் சங்கத்திலிருந்து தள்ளி வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு. மலிவான பட்டாசு எங்கே கிடைக்கும் என்று தேடி, அந்த விலையில் யார் எந்த அறையில் செய்தார்கள் என்று கேட்காமல் வாங்கிப் போகிற நமக்கும்.

ஆனால் மூன்று பேர் பங்கும் சமம் இல்லை. பெரிய பங்கு அரசுகளுடையது. காரணம், இவர்களிடம்தான் பணமும் இருக்கிறது, அளவுகோலும் இருக்கிறது. ஒரு சிறு விமான நிலையத்துக்குக் கூட்டம் வராவிட்டால், ‘பயன்பாடு இல்லை, மூடிவிடு’ என்று உடான் சொல்லவில்லை. நஷ்டத்தை ஈடுகட்டுகிறேன், மூன்று வருடம் ஓட்டிப்பார் என்றது. ஒரு காலி இருக்கைக்காகப் பொறுமையாகப் பணம் கட்டும் மனது அரசுக்கு உண்டு என்று இதில் தெரிகிறது. அதே மனது சிவகாசியில் முழு அளவிலான தீக்காய மருத்துவ மையம் கேட்டால் மாறிவிடுகிறது. அப்போது மட்டும், ‘நோயாளிகள் வருடம் முழுக்க வர மாட்டார்கள், சிறப்பு மருத்துவர்களை உட்கார வைப்பது வீண்’ என்று படுக்கைக் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கிறார்கள். விமானம் நஷ்டத்தில் பறக்கலாம், தீக்காயப் படுக்கை காலியாக இருக்கக்கூடாது! இந்த வட்டாரத்தில் அந்தப் படுக்கை காலியாகக் கிடந்தால், அது விபத்து நடக்காத ஆண்டு என்று பொருள். அப்படிப்பட்ட நஷ்டம் வருடந்தோறும் வரட்டும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பட்டாசுப் பெட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை 6,000 கோடி ரூபாய்க்குக் குறையாது என்று தொழில்துறையினரே சொல்கிறார்கள். மத்திய அரசும் மாநில அரசுகளும் அந்த வரியில் பாதிப் பாதி எடுத்துக்கொள்கின்றன. பெரிய வழித்தடத்து விமானத்தில் வரி வாங்கிச் சிறு வழித்தடத்துக்குக் கொடுப்பது நியாயம் என்றால், பட்டாசு வரியில் ஒரு துளியை அதைச் செய்கிறவர்களின் தோலுக்குக் கொடுப்பது அதைவிட நியாயம். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே ஒரு தோல் வங்கி, இரவும் பகலும் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், தீக்காயத்துக்கென்றே தீவிர சிகிச்சைப் பிரிவு. சிவகாசியில் இருக்கும் பிரிவு, அங்கேயிருந்து யாரையும் வெறும் பாட்டிலோடு ஏற்றி அனுப்பாத அளவுக்கு வளர வேண்டும். சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் நிற்கும் 108 வண்டிகளில் தீக்காயத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள். வளாகங்களுக்குப் போகும் மண்பாதைகள் மழையிலும் வண்டி போகும் தார்ச்சாலைகள். தீபாவளிக்கு முந்தைய நான்கு மாதம் வாரம் ஒருமுறை வேப்பமரத்தடியைப் பார்க்கிற ஆய்வாளர்கள். உள்குத்தகை கண்டுபிடித்தால் உரிமம் நிரந்தரமாகப் போக வேண்டும், ஆறு மாதத்தில் வேறொரு பெயரில் திரும்பி வரக்கூடாது. இவற்றில் ஒன்றுகூட ஓடுதளத்தை நீட்டும் செலவில் கால்வாசி ஆகாது என்றே நினைக்கிறோம்.

எங்கள் தீர்ப்பு இதுதான். ஒரு மணி நேரத்தில் விமான நிலையம் போய்ச்சேரக்கூடிய ஒரு மாவட்டத்துக்கு இன்னொரு விமான நிலையமோ, காரில் இரண்டரை மணி நேரத் தூரத்துக்கு மானியத்தில் ஒரு விமானமோ பேசுவதை, அதே மாவட்டத்தில் தீப்பட்ட பெண்ணை 70 கிலோமீட்டர் சாலையில் அனுப்புகிற அரசே செய்தால், அது பிழை என்ற சொல்லுக்குள் அடங்காது. அது அநியாயம். மக்கள் பிரதிநிதி யாராவது இந்த வட்டாரத்துக்கு விமானத்தைக் கேட்டால், அவர் தொகுதியில் தீக்காயப் படுக்கை எத்தனை என்று வாக்காளர்கள் அடுத்த கேள்வியாகக் கேட்க வேண்டும்.

2025 மார்ச் 14 அன்று ராமேஸ்வரம் விமான நிலையத்தை அறிவித்த பட்ஜெட்டை வாசித்தவர் அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. அப்போது அவருடைய தொகுதி திருச்சுழி. விருதுநகர் மாவட்டம்தான், காரியாபட்டி அதற்குள் வருகிறது, மதுரை–வாகைகுளம் சாலையே அதன் வழியாகத்தான் போகிறது. இந்த மாவட்டத்தின் தூரங்கள் சட்டமன்றத்தில் யாருக்கும் தெரியாதவை என்று சாக்குச் சொல்ல இடமில்லை. அடுத்து வாசிக்கப்படும் பட்ஜெட்டில், எந்தக் கட்சியின் அமைச்சர் வாசித்தாலும் சரி, விருதுநகர் தீக்காய மையம் என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரியில் தொகை இருக்க வேண்டும், திறக்கும் மாதம் இருக்க வேண்டும், எத்தனை மருத்துவர் பணியிடம் என்பதும் இருக்க வேண்டும்.